கூடவே வருவது

மார்ச் 3

தங்கச்சிக்கு,

நேற்று நான் பாதிப் பேச்சில் இருக்கும்போதே போனை வைத்துவிட்டாய். "போன்ல கத்துனா குழுவுல பதிவாகாதுக்கா, எதுவா இருந்தாலும் எழுதி அனுப்பு" என்று சொல்லிவிட்டு வேறு வைத்தாய். சரி, எழுத்து கேட்டாய், எழுத்து தருகிறேன். நீ தலைவியாக உட்கார்ந்திருக்கும் அந்தத் தேர்வுக் குழுவுக்கும் இதைக் காட்டு. எனக்கு ஒன்றும் வெட்கமில்லை.

உங்கள் இயங்குதளத்தின் புதிய பதிப்புக்கான வரைவுப் பட்டியலைப் பார்த்தேன். கணினியில் அதை ஏற்றும்போது யாரும் கேட்காமலே கூட வந்து இறங்குகிற கருவிகளின் பட்டியல். சீட்டாட்டம் இருக்கிறது. வானிலை சொல்லும் கருவி இருக்கிறது. கடிகாரமே இரண்டு இருக்கிறது. கம்பைலர் இல்லை. எழுதிய நிரலை எந்திரத்துக்குப் புரிகிற மாதிரி மாற்றித் தரும் ஒரே கருவி, இத்தனை வருடம் சத்தமில்லாமல் கூட வந்துகொண்டிருந்தது, அதைத் தூக்கிவிட்டீர்கள்.

நான் எங்கே பாடம் நடத்துகிறேன் என்று உனக்குத் தெரியும். பெண்கள் சிறையில், துணிக் கிடங்கை ஒட்டிய அறையில், எட்டுக் கணினிகள். ஜன்னல் கிடையாது, இணையம் கிடையாது. வானிலைக் கருவியைத் திறந்தால் "இணைப்பு இல்லை" என்று ஒரு மேகம் மட்டும் வந்து நிற்கும். வெளியே மழையா வெயிலா என்று தெரிய வேண்டுமென்றால் காவலாளியின் செருப்பைத்தான் பார்க்க வேண்டும்.

உள்ளே ஒரே விதி. உங்களிடமிருந்து வருகிற வட்டிலிருந்து எது வந்ததோ அது இருக்கலாம். வெளியிலிருந்து ஒன்றைக்கூடச் சேர்க்கக் கூடாது. போன வருடம் ஒரே ஒரு எழுத்துருவைச் சேர்க்க மனுப் போட்டேன், மனு இன்னும் எங்கேயோ சுற்றிக்கொண்டிருக்கிறது. நீங்கள் அங்கே காபி குடித்துக்கொண்டே எதற்கு டிக் போடுகிறீர்களோ, அதுதான் இங்கே சட்டம். புரிகிறதா?

மே மாதம் தலைமை அலுவலகத்திலிருந்து ஆள் வந்து எட்டையும் துடைத்துவிட்டுப் புதிய பதிப்பை ஏற்றுவார். ஜூனில் டிப்ளமோ செய்முறைத் தேர்வு. கம்பைலர் இல்லாத அறையில் நிரல் எழுதும் தேர்வை எந்தத் தேர்வாளர் நடத்துவார்?

என் வகுப்பில் ஒருத்தி இருக்கிறாள். பள்ளிக்கூட வேன் ஓட்டியவள், எல்லோரும் வேன்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். பிரேக் சரியில்லை என்று முதலாளியிடம் சொல்லியும் அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒருநாள் வண்டி நிற்கவில்லை. ஸ்கூட்டரில் வந்த இரண்டு பேர் இறந்துபோய்விட்டார்கள். வண்டியை எடுத்தது நான்தானே என்பாள், அதற்கு மேல் பேசமாட்டாள். அவள் மகள் ஒன்பதாவது படிக்கிறாள், விடுதியில். மாதம் ஒருமுறை கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் பார்த்துக்கொள்கிறார்கள். இந்த டிப்ளமோவில் தேறினால் வேன்காரிக்குத் திறந்தவெளிச் சிறைக்குப் போகத் தகுதி வரும். அங்கே கண்ணாடி கிடையாது.

கம்பைலரைத் திரும்பப் பட்டியலில் போடு. அவ்வளவுதான் கேட்கிறேன்.

அக்கா

---

மார்ச் 9

அக்கா,

உன் கடிதத்தைக் குழுவுக்கு அனுப்பிவிட்டேன். "காபி குடித்துக்கொண்டே" என்ற இடத்தை மட்டும் எடுத்துவிட்டேன், மன்னித்துக்கொள்.

நான் சொல்வதையும் கொஞ்சம் கேள். முழுப் பதிப்பும் ஒரே வட்டில் அடங்க வேண்டும். பழைய கணினிகளில் ஏற முக்கால் மணி நேரம் ஆகிறது என்று தினமும் புகார் வருகிறது. ஒரே பெட்டியில் ஊரே துணி வைக்க வந்தால் எப்படி? ஒவ்வொருவரும் "இது ஒண்ணுதானே" என்கிறார்கள். எல்லோருடைய ஒன்றையும் சேர்த்தால் பெட்டி மூடாது. அதோடு, உள்ளே வைக்கிற ஒவ்வொரு கருவியிலும் பாதுகாப்பு ஓட்டை விழும், அடைக்க ஆள் வேண்டும். கம்பைலரைப் பராமரித்தவர் குழந்தை பிறந்ததும் விலகிவிட்டார். அந்த இடத்துக்கு இன்னும் ஆள் வரவில்லை.

எங்களிடம் ஒரு கணக்கெடுப்பு இருக்கிறது. யார் எந்தக் கருவியைத் திறக்கிறார்கள் என்று கணினிகளே தெரிவிக்கும். அதைப் பார்த்துக்கொள்பவருக்குச் சதவீதம் என்றே பெயர் வைத்துவிட்டோம், எதைக் கேட்டாலும் சதவீதத்தில்தான் பதில் வரும். நூற்றுக்கு ஒருவர்கூடக் கம்பைலரைத் தொடுவதில்லை. சீட்டாட்டத்தை நூற்றுக்கு நாற்பது பேர் தொடுகிறார்கள். எனக்கும் அது பிடிக்கவில்லை, ஆனால் கணக்கு அப்படி. கம்பைலர் வேண்டும் என்பவர்கள் ஒரே ஒரு கட்டளை தட்டினால் இறக்கிக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நீ என் அக்கா என்பது குழுவில் எல்லோருக்கும் தெரியும். நான் வாயைத் திறந்தாலே "வீட்டு விஷயம்" என்பார்கள். பகலெல்லாம் ஆபீஸ், சாயங்காலம் சம்பளமில்லாத இந்த வேலை, ஒன்பது வருடம். இதில் எனக்கு இருப்பது ஒரே ஒரு நல்ல பெயர்தான். அதையும் நீ அம்மாவிடம் போய் "அவளுக்குப் பதவி வந்ததும் கண்ணு தெரியலை" என்று சொல்லியிருக்கிறாய். அம்மா எனக்குப் போன் செய்து அழுதாள். அது நன்றாகவா இருக்கிறது?

தங்கை

---

மார்ச் 14

தங்கச்சிக்கு,

அம்மாவிடம் சொன்னது தப்புதான். அதை இத்தோடு விடு.

ஒரே ஒரு கட்டளை தட்டினால் இறக்கிக்கொள்ளலாமாம். எங்கிருந்தடி இறக்குவது? சுவரிலிருந்தா? இணையம் இல்லை என்று நான் எழுதியதைப் படித்தாயா, அல்லது காபியை எடுப்பதிலேயே கவனமாக இருந்தாயா?

உங்கள் கணக்கெடுப்புக்கு வருகிறேன். கணினிகளே தெரிவிக்கும் என்கிறாய். எதன் வழியாகத் தெரிவிக்கும்? இணையத்தின் வழியாக. இங்கே எட்டுக் கணினியிலும் தினமும் மூன்று மணி நேரம் கம்பைலர் ஓடுகிறது. அதில் ஒரு நிமிடமாவது உங்கள் சதவீதத்தின் காதுக்கு எட்டியிருக்குமா? எட்டாது. கப்பலில், சுரங்கத்தில், இணையமில்லாத பள்ளியில், எங்கெல்லாம் கூட வந்ததை விட்டால் வேறு கதியில்லையோ, அவர்களில் ஒருவரையும் நீங்கள் எண்ணவில்லை. எளிதாக இறக்கிக்கொள்ள முடிந்தவர்களை மட்டும் எண்ணிவிட்டு, இவர்களுக்கு இது தேவையில்லை என்கிறீர்கள். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா?

கண்காணிப்பாளர் மேடத்தையும் நேரில் போய்ப் பார்த்தேன். நல்லவர்தான், ஆனால் விதி என்றால் விதி.

"மேடம், இந்த ஒண்ணை மட்டும் நம்மளே ஏத்திக்கலாமா?"

"எது டீச்சர்?"

"கம்பைலர். இப்பவும் இருக்கு. அடுத்த பதிப்புல வராதாம்."

"வந்தா இருக்கட்டும், வரலைன்னா விட்டுடுங்க. நான் எதையாவது சேர்த்தேன்னு வைங்க, நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா எழுதிக் கேப்பாங்க. கூட வந்ததுக்கு என்னை யாரும் கேக்க மாட்டாங்க."

"சீட்டாட்டம்கூட இருக்கே மேடம். ஜெயில்ல சீட்டு ஆடலாமா?"

"அது கூட வந்தது டீச்சர்."

எழுந்து வந்துவிட்டேன்.

வேன்காரி இந்த வாரம் ஒரு நிரல் முடித்தாள். பிள்ளைகளை எந்த வரிசையில் இறக்கிவிட்டால் கடைசிப் பிள்ளை சீக்கிரம் வீடு போய்ச் சேரும் என்று கணக்குப் போடும் நிரல். பாடப் புத்தகத்தில் அப்படி ஒரு பயிற்சியே இல்லை. "எல்லாரும் தூரத்தைப் பாக்கறாங்க டீச்சர், கடைசிப் பிள்ளை தூங்கி விழறதை டிரைவர்தான் பாப்பா" என்றாள். இந்த வகுப்பு போய்விட்டால் அவளுக்கு வேறு வழி கிடையாது. மூன்று வருடம் கழித்துத்தான் மறுபடி மனுப் போடலாம். அதற்குள் மகள் பள்ளிக்கூடத்தையே முடித்திருப்பாள்.

அக்கா

---

ஏப்ரல் 2

அக்கா,

கூட்டம் முடிந்துவிட்டது. தோற்றுவிட்டோம்.

இதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் மூன்று முறை அழித்துவிட்டேன். நடந்ததை நடந்தபடியே சொல்லிவிடுகிறேன். நீ கணக்கெடுப்பைப் பற்றி எழுதியது சரி. படித்தவுடன் எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. இத்தனை வருடமாக அந்த எண்களை வைத்துத்தானே வெட்டிக்கொண்டிருக்கிறோம். சதவீதத்திடம் கேட்டேன். "எண்ண முடியாதவங்களை எப்படிங்க எண்ணறது?" என்றார். "எண்ண முடியலைன்னா இல்லைன்னு அர்த்தமா?" என்றேன். "எங்கிட்ட இருக்கறதைத்தான் நான் தர முடியும்" என்று திரையை மூடிவிட்டார். இன்னொருவர், "அதுக்காக ஜெயிலை மனசுல வச்சா பட்டியல் போட முடியும்?" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

அப்புறம் வாக்கெடுப்பு. உறவினர் சம்பந்தப்பட்ட தீர்மானத்தில் உறுப்பினர் வாக்களிக்கக் கூடாது என்பது விதி. அந்த விதியை எழுதியதே நான்தான். அதனால் எழுந்து வெளியே போய்விட்டேன். வராந்தாவில் குடிதண்ணீர் எந்திரத்தின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது மூன்றுக்கு மூன்று. சமமாக வந்தால் வரைவு அப்படியே நிற்கும்.

என் ஒரு ஓட்டுதான், தெரிகிறது. நீ சொல்ல வேண்டியதில்லை.

தங்கை

---

ஏப்ரல் 5

ஏண்டி,

சொல்ல வேண்டியதில்லையாமே. சொல்வேன். ஒரு ஓட்டு. கையில் வைத்துக்கொண்டு வராந்தாவில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாயா? உன் நியாயம் உன் பெயருக்குத்தான் நல்லது. வேன்காரிக்கு அதில் என்ன கிடைத்தது?

அவளிடம் சொன்னேன். "மே வரைக்கும் இருக்கும்ல டீச்சர்? அதுக்குள்ள பாடத்தையாவது முடிச்சிடலாம்" என்றாள். எனக்குத்தான் ஆத்திரம் தாங்கவில்லை. கிடங்குப் பக்கம் போய் நின்று அழுதுவிட்டு வந்தேன்.

இப்போது ஒன்று செய். இதையாவது செய். கம்பைலரோடு சேர்த்து ஒரு வட்டு தயார் பண்ணி, உங்கள் வழக்கமான உறையில், வழக்கமான முத்திரையோடு அனுப்பு. எங்கள் சிறைக்கு மட்டும். ஏற்ற வருகிறவர் உறையைத்தான் பார்ப்பார், உள்ளே எண்ணிப் பார்க்கமாட்டார். யாருக்கும் தெரியப்போவதில்லை. ஒரு அறை, எட்டுக் கணினி. கூடப்பிறந்தவள் என்று ஒரே ஒரு தடவை நினைத்துச் செய்.

அக்கா

---

ஏப்ரல் 8

அக்கா,

மாட்டேன்.

அந்த முத்திரைக்கு ஒரே அர்த்தம்தான் உண்டு, எல்லா உறையிலும் ஒரே பொருள் இருக்கிறது என்று. உன் ஒரு அறைக்காக அதைப் பொய்யாக்கினால், மற்ற எந்த அறையிலும் அதை நம்ப முடியாது. அது மட்டும் இல்லை. பிடிபட்டால் உள்ளே கள்ளப் பொருள் கொண்டுவந்தவள் என்று உன்னைத்தான் பிடிப்பார்கள். வேன்காரியின் விண்ணப்பத்திலும் அந்தக் கறை ஏறும். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்று அம்மா உன்னைத் திட்டுவது சும்மா இல்லை.

கூடப்பிறந்தவள் என்று நினைக்கச் சொல்கிறாய். நினைத்துத்தான் சொல்கிறேன். சின்ன வயதிலிருந்தே உனக்கு வேண்டியதை நீ கத்தி வாங்குவாய், அதற்கு வழி பார்க்கிற வேலை எனக்கு வரும். எனக்கு அலுத்துவிட்டது. கொஞ்ச நாள் எழுதாதே.

தங்கை

---

ஏப்ரல் 30

அக்கா,

எழுதாதே என்றேன், நீயும் எழுதவில்லை. இதில் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கிறாய்.

கம்பைலர் பட்டியலுக்குத் திரும்பிவிட்டது. நான்குக்கு மூன்று.

எப்படி என்று கேட்பாய். பராமரிக்க ஆளில்லை என்பதுதான் எதிர்த்தவர்களின் பெரிய வாதமாக இருந்தது. நான் பராமரிக்கிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். ஒரு கருவியைப் பராமரிப்பவர் தேர்வுக் குழுவில் இருக்கக் கூடாது. இதுவும் நான் எழுதிய விதிதான், சிரிக்காதே. ஆகவே பதவியை விட்டுவிட்டேன். என் இடத்துக்கு உதவிப் பக்கங்கள் எழுதுகிற பெண் வந்தாள். ஆள் கிடைத்துவிட்டதால் தீர்மானத்தை மறுபடி எடுத்தார்கள், அவள் ஆதரவாகப் போட்டாள். கடிகாரத்தில் ஒன்றை எடுத்து இடம் பண்ணினார்கள். சதவீதம் இந்தத் தடவையும் எதிர்த்துத்தான் போட்டார், ஆனால் அறிக்கையின் கீழே "இணைப்பில்லாத கணினிகள் இதில் இல்லை" என்று ஒரு வரி சேர்க்க ஒப்புக்கொண்டார்.

பரவாயில்லை அக்கா, எனக்கு வருத்தமில்லை என்று எழுதுவேன் என்று எதிர்பார்க்காதே. வருத்தமாகத்தான் இருக்கிறது. அந்த நாற்காலி எனக்குப் பிடித்திருந்தது. இப்போது சாயங்காலம் உட்கார்ந்து எவனோ எழுதிய ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கிறேன். கண் எரிகிறது. உன்மேல் கோபமும் இன்னும் போகவில்லை.

வட்டு மே இரண்டாம் வாரம் வெளியாகும். வேன்காரியைப் படிக்கச் சொல்.

தங்கை

---

மே 26

தங்கச்சிக்கு,

உன் கடிதம் வந்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். என்ன எழுதுவது என்று தெரியாமல் தள்ளிப்போட்டேன். இன்று எழுதுவதற்கு வேறு விஷயம் வந்துவிட்டது.

திங்கட்கிழமை எட்டுக் கணினியிலும் புதிய பதிப்பை ஏற்றினார்கள். கம்பைலர் வந்தது. வந்தவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. புதன்கிழமை வகுப்புக்குப் போனால் வேன்காரியின் நாற்காலி காலி. இங்கே கூட்டம் அதிகமாம், இருபது பேரை வேறு சிறைக்கு மாற்றிவிட்டார்கள். விடியற்காலையில் வண்டியில் ஏற்றியிருக்கிறார்கள். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல நான் யார், வெளியிலிருந்து வருகிற டீச்சர்.

அது எங்கேயோ மலை அடிவாரத்தில் இருக்கிற சின்னச் சிறை. கணினி வகுப்பு கிடையாது, டீச்சர் கிடையாது. நூலகத்தில் ஒரே ஒரு கணினி, நூலகர் கைதிகளின் புத்தகக் கணக்குப் போட. தேர்வு வாரியத்திடம் கெஞ்சினேன். "அங்க நிரல் எழுத வசதி இருந்தா தேர்வாளரை அனுப்பறோம், இல்லைன்னா அடுத்த தடவை பாக்கலாம்" என்றார்கள். அடுத்த தடவை என்று எவ்வளவு சுலபமாகச் சொல்கிறார்கள்.

சாண் ஏறினால் முழம் சறுக்குகிறது. நாற்காலியையே விட்டுக்கொடுத்து நீ வாங்கித் தந்தது இங்கே எட்டுக் கணினியிலும் இருக்கிறது. யாருக்காகக் கேட்டேனோ அவள் இல்லை. உன் முகத்தில் எப்படி முழிப்பேன்? ஆற்றாமையில் என்னென்னவோ வருகிறது, நிறுத்திக்கொள்கிறேன்.

அக்கா

---

மே 28

அக்கா,

ஒரே ஒரு கேள்வி. அந்த நூலகக் கணினியில் எந்த வட்டைப் போட்டிருக்கிறார்கள், எங்கள் புதுப் பதிப்பையா என்று விசாரித்தாயா?

தங்கை

---

ஜூன் 19

தங்கச்சிக்கு,

விசாரிக்க நான் போட்ட போன்களை யாரும் எடுக்கவில்லை. அங்கிருந்தே வந்தது. நேற்று மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தெரியாத எண். அந்தச் சிறையின் நூலகர்.

"டீச்சருங்களா? இங்க புதுசா வந்த அம்மா ஒருத்தங்க நூலகக் கம்ப்யூட்டர்ல உக்காந்து என்னமோ எழுதிட்டே இருக்காங்க. வந்த மறுநாள்லேர்ந்து இதே வேலை. நாங்க எதையும் ஏத்தலை. அதுலயே இருந்துச்சாம், அவங்களே கண்டுபிடிச்சுக்கிட்டாங்க. போன வாரம் தேர்வு வாரியத்துலேர்ந்து ஒருத்தர் வந்து பாத்துட்டு, வசதி இருக்குன்னு கையெழுத்துப் போட்டுட்டுப் போனாரு. நாளைக்குத் தேர்வு. உங்ககிட்ட ஒரு நிமிஷம் பேசணுங்கறாங்க. குடுக்கவா?"

கையை எங்கே துடைத்தேன் என்றே தெரியவில்லை. வேன்காரி போனுக்கு வந்தாள். எப்படி இருக்கிறீர்கள், ஏது என்று ஒன்றும் இல்லை.

"டீச்சர், ஒரு எர்ரர் வருது. பதினேழாவது வரின்னு காட்டுது, ஆனா தப்பு அங்க இல்லை."

"அதுக்கு முந்தின வரியைப் பாத்தியா?"

விசை தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"ஆமா டீச்சர். ஓடுது" என்றாள். போனை நூலகரிடம் கொடுத்துவிட்டாள்.

இன்று தேர்வு முடிந்திருக்கும். தேறினாளா என்று தெரிய ஒரு மாதம் ஆகும். தேறுவாள்.

நான் உன்னிடம் ஒரு அறைக்குக் கேட்டேன். எட்டுக் கணினிக்கு, திருட்டு உறையில். நீ அன்று அதைக் கொடுத்திருந்தால் இன்று அது இங்கேயே கிடந்திருக்கும், அவள் அங்கே சீட்டாட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நான் பெயர்கூடக் கேள்விப்படாத ஊரில், யாரும் கேட்காத கணினியில், அவளுக்கு முன்னாலேயே போய் அது உட்கார்ந்திருந்தது. அது நீ செய்தது. நான் கத்தினேன், நீ செய்தாய். இதை அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். இந்தத் தடவை அம்மா அழுததற்கு நான் பொறுப்பில்லை.

அந்த நாற்காலிக்கு என்னால் ஈடு செய்ய முடியாது. கண் எரிகிறது என்று எழுதியிருந்தாய். எனக்கும் நிரல் எழுதத் தெரியும், கற்பிக்கிறவள்தானே. ஓட்டைகளில் பாதியை எனக்கு அனுப்பு. சாயங்காலம் எனக்கும் வேலையில்லை.

அக்கா